சி.எம். எழுதிய காதல் கவிதை

“நாளைக்கு எனக்குக் கல்யாணம். பொண்ணு இன்னிக்குச் சாயந்திர பஸ்ஸுல ஊரைவிட்டே போறா. நடுவுல ஒரு பன்னி நிக்குது” என்றார் செட்ரிக் மேஸ்.

நாரிச் நகரில், மீன் வறுவல் கடைக்கு மேலே இருந்த அந்தச் சின்ன அலுவலகத்தில் கீழே எண்ணெய் கொதிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. துப்பறிவாளர் பெர்னிஸ் கெரிசன் வாயிலிருந்த பெப்பர்மின்ட்டை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார். அவருக்கு ஐம்பத்தைந்து வயது. இறந்துபோன கணவரின் ஓவர்கோட்டைத் தோள் வழிய வழியப் போட்டுக்கொண்டிருந்தார். எந்த வழக்கிலும் முதலில் உபயோகமில்லாத கேள்வியைத்தான் கேட்பார்.

“பன்னி உயிரோட இருக்கா?”

“இல்லைங்க. வரைஞ்ச பன்னி.”

“அப்போ வாக்குமூலம் வாங்க முடியாது பாஸ்” என்றான் மெர்வின். அவன் அவருடைய உதவியாளன். போன வருஷம்வரை ஐஸ்கிரீம் வண்டி ஓட்டியவன். குளிர்காலத்தில் வியாபாரம் படுத்ததால் துப்பறிய வந்தவன்.

செட்ரிக்குக்கு எழுபத்தொரு வயது. ஸ்வாப்டன் கிராமத்தில் ஆயுள் முழுக்கப் பன்றி வளர்த்தவர். கழுத்தும் தோளும் ஒன்றாய்ச் சேர்ந்த உடம்பு. தொப்பியை மடியில் வைத்துக் கசக்கிக்கொண்டே கதையைச் சொன்னார்.

மணப்பெண் ஐவி லார்ட்டர். விதவை, யார்மத் ஊர்க்காரர், மதுக்கடைப் பலகையில் குட்டி அம்பு எறியும் ஸ்வாப்டன் பெண்கள் டார்ட்ஸ் குழுவின் தலைவி. ஜனவரி மாதம் ஒருநாள் மதுக்கடையில், மொத்தக் குழுவும் பார்த்துக்கொண்டிருக்க, செட்ரிக் எழுந்து நின்று ஒரு கவிதை சொல்லி அவரைக் கல்யாணத்துக்குக் கேட்டார். ஐவி அந்த இடத்திலேயே சம்மதித்தார். எல்லாம் நன்றாகத்தான் போயிற்று, போன புதன்கிழமைவரை.

புதன்கிழமை கிராமத்து மண்டபத்தில் பழைய காதல் அட்டைகளின் கண்காட்சி திறந்தது. அந்தக் காலத்தில் ஊர்க்காரர்கள் தங்கள் கையாலேயே வெட்டி, ஒட்டி, வரைந்து அனுப்பிய வாலண்டைன் அட்டைகள். அதில் ஒன்றில் ஒரு பன்றி. பன்றிக்குக் கீழே ஒரு கவிதை. கவிதைக்கு மேல் ‘சி.எம்.’ என்று இரண்டு எழுத்து. தேதி, 1926.

“கவிதை அதே கவிதை” என்றார் செட்ரிக் பரிதாபமாக. “ஐவிக்கு நான் சொன்னது. வரிக்கு வரி.”

“சி.எம்.னா செட்ரிக் மேஸ்” என்றான் மெர்வின். “பன்னியும் உங்க தொழில்தான். பாஸ், கேஸ் முடிஞ்சது. மீன் வறுவல் வாங்கிட்டு வரட்டுமா?”

“சத்தியமா நான் எழுதலைய்யா! அம்பது வருஷத்துக்கு முன்னாடி நான் யாருக்கும் அட்டை அனுப்பலை. அந்தக் கவிதை ஜனவரியில தொட்டியைக் கழுவறப்போ தானா வந்தது. ஐவி கேக்க மாட்டேங்கறா. ‘எவளுக்கோ எழுதின பழைய கவிதையைத் தூசி தட்டி எனக்குக் குடுத்தியா’ன்னு மோதிரத்தைக் கழட்டி வீசிட்டா.”

“எங்க விழுந்தது?”

“மதுக்கடை ஊறுகாய் வெங்காய ஜாடியில. நேரா உள்ள. அவ குறி தப்பாது. மோதிரத்தைத் துழாவி எடுத்த கை இன்னும் நாறுது.”

மெர்வின் காற்றை இழுத்துப் பார்த்தான். “அதான் வாசனை. நான் கீழே கடையில இருந்து வருதுன்னு நினைச்சேன்.”

“அட்டையை நீங்க பார்த்தீங்களா?” என்று கேட்டார் மிசஸ் கெரிசன்.

“எங்க பார்க்க விட்டா? கண்ணாடியை எடுத்து மாட்டறதுக்குள்ள சண்டை மதுக்கடைக்குப் போயிருச்சு. கண்ணாடி இல்லாம எனக்கு ரோஸ் கலரா ஒண்ணு தெரிஞ்சது, அவ்வளவுதான். அப்புறம் போனா டார்ட்ஸ் குழுப் பொம்பளைங்க வாசல்ல நின்னுக்கிட்டு உள்ளே விட மாட்டேங்கறாங்க. கண்காட்சி வெச்ச மிஸ் க்யூபிட்கிட்ட கேட்டேன். ‘கூட்டம் குறையட்டும், அப்புறம் பார்க்கலாம்’னு அவங்களும் தள்ளித் தள்ளிப் போடறாங்க.”

மிசஸ் கெரிசன் பெப்பர்மின்ட்டைக் கடித்து நொறுக்கினார். அவர் கிளம்பத் தயார் என்பதற்கு அதுதான் அடையாளம்.

“ரெண்டு பேரும் வண்டியில ஏறுங்க.”

அவருடைய பச்சை நிறக் காரின் இடது கதவு கயிற்றால் கட்டப்பட்டிருந்தது. ஆகவே செட்ரிக் மேஸ் ஜன்னல் வழியாக உள்ளே செலுத்தப்பட்டார். மெர்வின் பின்னாலிருந்து தள்ளினான்.

“பன்னியை லாரியில ஏத்தின அனுபவம் உங்களுக்கு இருக்கு. ஏத்தப்பட்ட அனுபவம் இதுதானே முதல் தடவை?”

“வாயை மூடிட்டுத் தள்ளுடா!”

ஸ்வாப்டன் மண்டபத்துக்கு எதிரேதான் பஸ் நிறுத்தம். ஐவி லார்ட்டர் அங்கே ஒரு சிவப்புப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார். முகம் பூட்டிய கடை மாதிரி இருந்தது. செட்ரிக்கின் தலை ஜன்னலில் தெரிந்ததும் அவர் கை தானாகவே எதையோ எறியத் தேடியது.

“மெர்வின், அந்தப் பெட்டி எனக்கு மண்டபத்துக்குள்ள வேணும்” என்றார் மிசஸ் கெரிசன் மெதுவாக.

“பெட்டி மேல ஒரு அம்மா இருக்காங்களே பாஸ்.”

“அவங்களும்தான் வேணும்.”

மெர்வின் நடந்து போனான். ஐவியின் முன்னால் குனிந்து, “மேடம், பஸ் இன்னிக்கு மண்டபத்துக்குப் பின்னாடி நிக்குதாம். பெட்டியைக் குடுங்க, நான் தூக்கிட்டு வரேன்” என்றான். ஐவி எழுந்ததுதான் தாமதம், பெட்டியைத் தூக்கிக்கொண்டு மண்டபத்துக்குள் ஓடினான். ஐவி பின்னாலேயே ஓடி வந்தார்.

“டேய்! திருடன்! பிடிங்கடி அவனை!”

வாசலில் காவல் நின்ற டார்ட்ஸ் குழு முழுவதும் மெர்வினைத் துரத்தி உள்ளே போய்விட்டது. காலியான வாசல் வழியாக மிசஸ் கெரிசன் செட்ரிக்கின் கையைப் பிடித்து நிதானமாக அழைத்துச் சென்றார்.

உள்ளே, பியானோவுக்குப் பக்கத்தில், மெர்வின் நான்கு பெண்களுக்கு அடியில் கிடந்தான். “பாஸ்! பெட்டி பத்திரம்!” என்று எங்கிருந்தோ குரல் வந்தது.

“என்ன நடக்குது இங்க?” என்று கேட்டுக்கொண்டே சமையலறையிலிருந்து தட்டோடு வந்தார் ஒரு பெண்மணி. மெலிந்த உடம்பு, நிமிர்ந்த முதுகு, கழுத்துவரை பொத்தான் போட்ட சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை. இவர்தான் ஹெஸ்டர் க்யூபிட், கண்காட்சியை நடத்துபவர். தட்டில் சூடான பன்கள். செட்ரிக்கைக் கண்டதும் தட்டு கொஞ்சம் சாய்ந்தது. ஒரு பன் உருண்டு விழுந்தது. தரையில் கிடந்த மெர்வினின் கை நீண்டு வந்து அதைப் பிடித்தது.

மிசஸ் கெரிசன் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். “பத்து நிமிஷம் குடுங்க மிசஸ் லார்ட்டர். இவர் பொய் சொல்றாருன்னா நானே உங்களை யார்மத்துல கொண்டுவிடறேன்.”

“அந்தக் கார்லயா?” என்றார் ஐவி, ஜன்னல் வழியாக அதைப் பார்த்து. “அதுக்கு இந்தாளையே கட்டிக்கலாம்.”

ஆனாலும் பெட்டியின் மேல் உட்கார்ந்தார்.

சுவர் நெடுக அட்டைகள். காகிதச் சரிகை வைத்தவை, உலர்ந்த பூ ஒட்டியவை, முடிக்கற்றை தைத்தவை. ஒன்றில் மீன்காரர் ஒருவர் தன் மனைவிக்குக் கெளுத்தி மீன் வடிவில் இதயம் வெட்டியிருந்தார். பன்றி அட்டை நடுவில் இருந்தது. மிசஸ் கெரிசன் அதைப் பலகையிலிருந்து எடுத்துத் திருப்பினார். பின்பக்கம் காலி. பெயர் இல்லை, முகவரி இல்லை, தபால் தலை இல்லை.

“கையில கொண்டுவந்து குடுத்த அட்டை” என்றார். “கதவைத் தட்டிட்டு ஓடியிருக்காங்க.”

வாலண்டைனுக்கு முந்தின நாள் சாயங்காலம் அப்படிச் செய்வதுதான் இந்த நார்ஃபோக் வட்டாரத்து வழக்கம். தட்டியது யார் என்று சொல்லவே கூடாது. இங்கே பிறந்த குழந்தைக்கும் இது தெரியும்.

முன்பக்கத்தில் சிவப்புக் காகித இதயம் ஒன்று. அதன் மேல் தடித்த ரோஸ் நிறப் பன்றி. கீழே பொடி எழுத்தில் கவிதை:

குளமும் குட்டையும் உறைந்த மாதம்,
குளிரில் நடுங்குது ஊர்;
உளறும் என் நெஞ்சம் உன்னைக் கண்டால்
உலையில் கொதிக்கும் நீர்.

ஐவி முகத்தைத் திருப்பிக்கொண்டார். “எத்தனை தடவை கேக்கறது அதை?”

“செட்ரிக், கண்ணாடியைப் போடுங்க. கவிதையை விடுங்க. பன்னியைப் பாருங்க” என்றார் மிசஸ் கெரிசன்.

செட்ரிக் கண்ணாடியை மாட்டினார். குனிந்தார். அவர் முகத்தில் முதலில் வந்தது பயம் அல்ல, தொழில்காரனின் அருவருப்பு.

“இது என்ன கண்றாவி? பன்னிக்குக் குளம்பு ரெண்டாப் பிளந்திருக்கும்யா. இதுக்கு நாலு காலும் குதிரைக் குளம்பு!”

“ஆக, இதை வரைஞ்சவருக்குப் பன்னியைப் பத்தித் தெரியாது” என்றார் மிசஸ் கெரிசன். “இருபத்தொரு வயசுல நீங்க என்ன பண்ணிட்டு இருந்தீங்க?”

“முப்பது பன்னிக்கு நடுவுல படுத்துத் தூங்கிட்டு இருந்தேன்.”

“கேட்டீங்களா மிசஸ் லார்ட்டர்? இந்த மனுஷன் காதலுக்காகக்கூடப் பன்னிக் காலைத் தப்பா வரைய மாட்டார். அட்டை இவர் செஞ்சது இல்லை.”

டார்ட்ஸ் குழுவில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. ஐவியின் தோள் சற்றே இறங்கியது. செட்ரிக் மலர்ந்துபோய், “நான்தான் சொன்னேனே!” என்று அட்டையை வெற்றிக் கோப்பை மாதிரித் தூக்கிப் பிடித்தார்.

தூக்கியவர் அப்படியே நின்றார்.

அட்டையின் கீழ் மூலை இல்லை. பிய்ந்திருந்த விளிம்பில் அரைவட்டமாக ஒரு தடம், நடுவில் மட்டும் ஒரு சின்ன நாக்கு மாதிரிக் காகிதம் மிச்சம்.

“டச்சஸ்!” என்றார் செட்ரிக்.

“எந்த ஊர் பிரபுவோட சம்சாரம்?” என்றான் மெர்வின், கையை ஊன்றி எழுந்தபடி.

“என் பன்னிடா! டச்சஸ்! அவளுக்கு முன்பல் ஒண்ணு கிடையாது. கடிச்சா நடுவுல இப்படித்தான் விட்டுப்போகும். என் தொப்பி, என் கால்சட்டை, பாதிரியாரோட குடை, எல்லாத்துலயும் இதே அச்சு…” அவர் குரல் மெல்ல மெல்ல இறங்கியது. “அய்யோ.”

“என்ன அய்யோ?” என்றார் ஐவி.

செட்ரிக் ஒரு நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார். “இது எனக்கு வந்த அட்டை. இப்பத்தான் ஞாபகம் வருது. யாரோ கதவைத் தட்டினாங்க. போய்ப் பார்த்தா ஆள் இல்லை, படியில இது கிடந்தது. மதுக்கடைப் பசங்க கேலி பண்றாங்கன்னு நினைச்சேன். எனக்கு யாரு காதல் அட்டை அனுப்புவா? என்மேல அடிக்கற நாத்தத்துக்கு? பன்னித் தொட்டிக்கு மேல ஆணி அடிச்சு மாட்டிட்டேன். தினமும் தீனி போடறப்போ டச்சஸுக்கு அதைச் சத்தமா வாசிச்சுக் காட்டுவேன். அவளுக்குப் பிடிக்கும். ரெண்டு குளிர்காலம் அப்படியே தொங்குச்சு. ஒருநாள் எக்கிக் கடிச்சுட்டா. அப்புறம் எங்கேயோ பழைய பேப்பருக்குள்ள வெச்சேன்.”

டார்ட்ஸ் குழு மொத்தமும் ஐவியைப் பார்த்தது.

“ஆக,” என்றார் ஐவி நிதானமாக, “எனக்கு நீ சொன்ன கவிதை நீ எழுதினது இல்லை.”

“நான் எழுதினதுன்னுதான் நினைச்சேன் ஐவி! தானா வந்தது!”

“பன்னிக்குப் படிச்ச கவிதையையாய்யா எனக்குச் சொன்னே?”

“டச்சஸ் ரொம்ப நல்ல பன்னி…”

“செட்ரிக் சார்,” என்றான் மெர்வின், “உங்க நன்மைக்குச் சொல்றேன். அந்தப் பக்கமாப் பேச்சைக் கொண்டுபோகாதீங்க.”

ஐவி எழுந்து பெட்டியின் கைப்பிடியைப் பிடித்தார். செட்ரிக்கின் நிலைமை அரைமணி நேரத்துக்கு முன்பிருந்ததைவிட மோசமாகிவிட்டது. மிசஸ் கெரிசன் மட்டும் இன்னும் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சி.எம்.” என்றார். “அனுப்பினவர் பேர் இல்லை, ஏன்னா வாலண்டைன் அட்டையில யாரும் பேர் போட மாட்டாங்க. வாங்கினவர் பேரா? காதலிக்கறவன் பேரை யாராவது கவிதைக்கு மேல, வலது ஓரமா, இவ்வளவு பொடியா எழுதுவாங்களா? மிஸ் க்யூபிட், அட்டைக்குக் கீழே ‘சி.எம்., 1926’ன்னு சீட்டு எழுதினது யாரு?”

“நான்தான்” என்றார் ஹெஸ்டர். “அட்டையில என்ன இருந்ததோ அதைத்தான் எழுதினேன்.”

“அது சரி. ஒரு எழுத்துகூட நீங்க சேர்க்கலை.” மிசஸ் கெரிசன் பெப்பர்மின்ட் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார். “மெர்வின், அந்தப் பியானோ மேல இருக்கற பாட்டுப் புத்தகத்தை எடு. ஏதாவது ஒரு பக்கத்தைப் பிரி. பாட்டுக்கு மேல, வலது ஓரத்துல என்ன போட்டிருக்கு?”

மெர்வின் பன்னை வாயில் கவ்வியபடி, ஊர்ச் சின்னத் தேவாலயமான சேப்பலின் பாட்டுப் புத்தகத்தைப் பிரித்தான். அவன் கண் விரிந்தது. பன்னை எடுத்தான்.

“சி.எம்.!” இன்னொரு பக்கத்தைப் புரட்டினான். “இங்கயும் சி.எம்.! பாஸ், இந்த ஆள் எல்லாப் பாட்டையும் எழுதியிருக்காரு!”

“அது ஆள் இல்லைடா. காமன் மீட்டர்ங்கற பாட்டு அளவு. நீளமா ஒரு வரி, குட்டையா ஒரு வரி, மறுபடி நீளம், மறுபடி குட்டை. அந்த அளவுல எழுதின பாட்டை, அந்த அளவுல இருக்கற எந்த மெட்டுலயும் பாடலாம். அதுக்காகத்தான் மேல குறிச்சு வெக்கறாங்க.”

“எனக்குக் கேஸ் மீட்டர் மட்டும்தான் தெரியும்.”

“சாதாரண ஆளுக்குத் தெரியாதுதான். காதல் கவிதையை எழுதிட்டுக் கைப் பழக்கத்துல அதுக்கு மேல சி.எம்.னு குறிக்கறவங்க யாரு? தினமும் பியானோவோ ஆர்கனோ முன்னாடி உட்காரறவங்க. செட்ரிக் மேஸுக்கும் அதே ரெண்டு எழுத்து வந்தது தற்செயல்.”

“அந்தக் காலத்துல சேப்பல் ஆர்கன் வாசிச்சது கிழவர் தர்ட்டில்” என்றார் செட்ரிக் கலவரத்தோடு. “இடுப்புவரைக்கும் தாடி. அவரா எனக்கு…?”

“அவசரப்படாதீங்க. மெர்வின், பல்லைக் காட்டு.”

“என்ன பாஸ்?”

“ஈ பண்ணு.”

மெர்வின் இளித்தான். மிசஸ் கெரிசன் அவன் தாடையைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினார். முன்பல் சந்தில் ஒரு சின்னக் கறுப்பு விதை மாட்டியிருந்தது. பிறகு அட்டையை அவன் பல்லுக்குப் பக்கத்தில் பிடித்தார். சிவப்பு இதயத்தின் ஓரம் உரிந்திருந்த இடத்தில், காய்ந்த மாவுப் பசையில் பதிந்து, பிறை மாதிரி வளைந்த அதே விதை. இரண்டு.

“பன்ல போடற கேரவே விதை” என்றார். “மாவுப் பசை எல்லா வீட்டுலயும் காய்ச்சுவாங்க. அதுல கேரவே விழணும்னா ரொட்டிக் கடை மேஜையில வெச்சு ஒட்டியிருக்கணும். பன்னியைத் தூரத்துல மட்டும் பார்த்த, சேப்பல்ல ஆர்கன் பழகிட்டிருந்த, ரொட்டிக் கடை வீட்டுப் பொண்ணு. பன் ரொம்ப ருசி, மிஸ் க்யூபிட். யாரோட செய்முறை?”

எல்லோரும் திரும்பினார்கள்.

ஹெஸ்டர் க்யூபிட் தட்டைப் பியானோ மேல் வைத்தார். மேலே இருந்த பொத்தானைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். “எங்க அப்பாவோடது” என்றார். “வாலண்டைனுக்கு மட்டும் போடுவார்.”

“மிஸ் க்யூபிட்…” என்றார் செட்ரிக்.

“எனக்குப் பத்தொன்பது வயசு” என்றார் ஹெஸ்டர். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை; சுவரிலிருந்த அட்டைகளைப் பார்த்துச் சொன்னார். “தட்டிட்டு வேலிக்குப் பின்னாடி ஒளிஞ்சு நின்னேன். நீங்க எடுத்துட்டு உள்ளே போனதைப் பார்த்தேன். ராத்திரி முழுக்கச் சந்தோஷம். மறுநாள் காலையில கடைக்கு வந்தீங்க, அட்டையைக் கையில வெச்சுக்கிட்டு. கடை நிறையக் கூட்டம். ‘இதை வரைஞ்ச முட்டாள் ஜென்மத்துல பன்னியைப் பார்த்ததில்லை, நாலு காலுக்கும் லாடம் அடிக்கலாம்’னு சொன்னீங்க. கடையே சிரிச்சது. நானும் சிரிச்சேன். சிரிச்சுக்கிட்டே உங்களுக்கு ரெண்டு ரொட்டி சுத்திக் குடுத்தேன்.”

செட்ரிக்கின் தொப்பி கீழே விழுந்தது. அவர் எடுக்கவில்லை. “எனக்கு அது ஞாபகமே இல்லையே.”

“எனக்கு இருக்கு.”

ஒரு டார்ட்ஸ் பெண் மூக்கை உறிஞ்சினாள்.

“போன இலையுதிர் காலத்துல நீங்க பண்ணைக் கொட்டகையைச் சுத்தம் பண்ணிட்டுப் பழைய சாமானெல்லாம் சேப்பல் விற்பனைக்கு அனுப்பினீங்க. பிரிச்சு அடுக்கினது நான். பேப்பருக்கு நடுவுல இது இருந்தது. ஊர்ல இருக்கறவங்க அட்டையெல்லாம் கேட்டு வாங்கி மாட்டறேன், என்னோடது ஒண்ணும் இருக்கட்டுமேன்னு தோணிச்சு. அந்தக் கவிதையை நீங்க மதுக்கடையில சொன்னது எனக்குத் தெரியாது. நான் மதுக்கடைக்குப் போறதில்லை.” அவர் ஐவியின் பக்கம் திரும்பினார். “உங்க கல்யாணத்தைக் கெடுக்கணும்னு மாட்டலை மிசஸ் லார்ட்டர். ஆனா கெட்டப்போ வாயைத் திறக்கலை. சொன்னா ஊர் மறுபடி சிரிக்கும்னு பயம். அது தப்புதான்.”

அப்புறம் கொஞ்சம் தயங்கி, செட்ரிக்கிடம், “ரெண்டு குளிர்காலம் மாட்டி வெச்சிருந்தீங்களா? நிஜமாவா?” என்றார்.

“தினமும் ரெண்டு வேளை” என்றார் செட்ரிக். “காலையில ஒருதரம், சாயந்திரம் ஒருதரம்.”

ஹெஸ்டரின் முகத்தில் ஏதோ ஒன்று இளகியது. பத்தொன்பது வயதில் அந்த முகம் எப்படி இருந்திருக்கும் என்று அப்போது எல்லோருக்கும் தெரிந்தது.

ஐவி பெட்டியை விட்டுவிட்டு வந்து செட்ரிக்கின் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தார். “யோவ்! மரம் மாதிரி உட்கார்ந்திருக்கே? அந்தம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லு.”

செட்ரிக் எழுந்தார். எழுபத்தொரு வருஷமாக அதே ஊரில் இருந்தும், அந்த அம்மாவை அவர் பெயர் சொல்லி அழைத்ததில்லை.

“ஹெஸ்டர்,” என்றார், “நீ அனுப்பின அட்டை கிடைச்சுது. ரொம்ப நல்லா இருந்தது. அதை எப்படிச் சொல்றதுன்னு அப்ப எனக்குத் தெரியலை. கூட்டத்தைப் பார்த்ததும் வாய்க்கு வந்ததை உளறிட்டேன். என்னை மன்னிச்சிரு.”

“சரி” என்றார் ஹெஸ்டர். ஒரே ஒரு வார்த்தைதான். ஆனால் அதைச் சொல்லிவிட்டுக் கழுத்துப் பொத்தானைக் கழற்றிவிட்டுக்கொண்டார்.

வெளியே பஸ் வந்து நின்று ஹார்ன் அடித்தது.

“அவருக்கு நீங்க வேணும்னா…” என்று ஐவி ஆரம்பித்தார்.

“எனக்கா?” ஹெஸ்டர் செட்ரிக்கை மேலும் கீழும் பார்த்தார். “வேணாம் மிசஸ் லார்ட்டர். எனக்கு இப்போ மூக்கு நல்லா வேலை செய்யுது. வயசுல அப்படி இல்லை.”

முதலில் சிரித்தது செட்ரிக்தான். சிரிப்பு அடங்கியதும் ஐவி இடுப்பில் கை வைத்தார்.

“இந்தா செட்ரிக். அவங்க கவிதையை அவங்ககிட்டயே குடுத்துரு. எனக்குன்னு ஒண்ணு சொல்லு. பன்னி கேக்காதது. இப்பவே. பஸ் போறதுக்குள்ள.”

“இப்பவா? நான் என்ன கவிஞனா?”

“ஜனவரியில கவிஞன்னு சொன்னே.”

செட்ரிக்குக்கு வியர்த்தது. பஸ் மறுபடி ஹார்ன் அடித்தது. அவர் கூரையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், மெர்வினைப் பார்த்தார். மெர்வின் உதட்டசைவில் ‘வெங்காயம்’ என்று எடுத்துக் கொடுத்தான். மிசஸ் கெரிசன் அவன் காலை மிதித்தார்.

“ஐவி,” என்றார் செட்ரிக் கடைசியில்.

“ஐவி, நீ கோவிச்சுட்டுப் போன நாளா
டீ போட மறந்துட்டேன், சோறு இறங்கலை.
காத்துக்கிட்டே இருப்பேன்னு சொல்ல ஆசைதான்,
எழுபத்தொண்ணு ஆயிருச்சு, சீக்கிரம் வா.”

ஹெஸ்டர் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். “எந்த மீட்டர்லயும் சேராது” என்றார். “எதுகை இல்லை. மூணாவது வரி நொண்டுது.”

“நொண்டட்டும்” என்றார் ஐவி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. “வேற எவளுக்கும் இது பொருந்தாது.” வாசலுக்குப் போய், “நீ போப்பா! நான் வரலை!” என்று பஸ்ஸைப் பார்த்துக் கத்தினார். பஸ் டிரைவர் ஏதோ கெட்ட வார்த்தை சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

திரும்பி வந்த ஐவி நேராகப் பியானோவிடம் போனார். “ஒண்ணு கேக்கணும் ஹெஸ்டர். பாடறதுக்குன்னு எழுதினது அது. யாராவது பாடி நீங்க கேட்டிருக்கீங்களா?”

“இல்லை.”

“உட்காருங்க.”

ஹெஸ்டர் முதலில் மறுத்தார். பிறகு உட்கார்ந்தார். விரல்களைக் கட்டைகளின் மேல் வைத்தார். அப்புறம் ஞாயிற்றுக்கிழமைதோறும் எல்லோரும் கேட்கிற சேப்பல் மெட்டு ஒன்றை மெதுவாகத் தொடங்கினார்.

டார்ட்ஸ் குழு அட்டையைச் சுற்றி நின்று எட்டி எட்டிப் பார்த்துப் பாடியது. மிசஸ் கெரிசன் கோட்டுப் பைக்குள் கை விட்டபடி பாடினார். கண்ணாடியைக்கூடப் போடாமல், எதையும் பார்க்காமல், ஒரு சொல் பிசகாமல் பாடியவர் செட்ரிக் ஒருவர்தான். குளமும் குட்டையும், குளிரில் நடுங்கும் ஊரும், கொதிக்கும் நீரும் அந்தச் சின்ன மண்டபத்தில் நிறைந்தன.

பாட்டு முடிந்தது. ஹெஸ்டர் திரும்பவில்லை. எல்லோருக்கும் அவர் முதுகு மட்டும்தான் தெரிந்தது. நிமிர்ந்தே இருந்தது. கைக்குட்டை எடுக்கும் சத்தம் கேட்டது.

“இன்னொரு தடவை” என்றார், அப்படியே உட்கார்ந்தபடி. “ரெண்டாவது வரியை எல்லாரும் இழுக்கறீங்க. அப்புறம், ஐஸ்கிரீம் வண்டி மாதிரி ஒரு குரல் கேக்குது, அது யாரு?”

“நான்தான் மேடம்” என்றான் மெர்வின்.

“நீங்க வாயை மட்டும் அசைங்க தம்பி. சத்தம் வேணாம்.”